இரண்டு கிலோ வாங்கியவர்களுக்கு

ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் விதை வாங்கிப் போன அன்பர்களுக்கு,



டிசம்பர் 6 வந்துவிட்டால் நம் கைப்பேசிகளில் நெல் ஜெயராமன் படம் சுற்றத் தொடங்கிவிடும். படத்துக்குக் கீழே ஒரு நினைவு வாசகம் இருக்கும். நாம் கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். நானும் வருடா வருடம் அதைத்தான் செய்துவந்தேன். இந்தத் தடவை விரல் போகவில்லை. வெறுங்கையைக் கூப்புகிறோமே, அந்தக் கையில் நான்கு கிலோ நெல் அல்லவா இருந்திருக்க வேண்டும் என்று உறைத்தது. அதனால் இந்த மடல்.

இதைப் பொதுவாக எல்லா விவசாயிகளுக்கும் எழுதவில்லை. திருவிழாவில் அந்த விதை மேசைக்கு முன் வரிசையில் நின்று, பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்து, இரண்டு கிலோ விதைப்பையை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறியவர்களுக்கு மட்டும் எழுதுகிறேன். நம்மில் கடைமடைக்காரர்கள் உண்டு, கல்லணைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் உண்டு, காவிரித் தண்ணீரையே பார்க்காத மானாவாரி மாவட்டத்துக்காரர்களும் உண்டு. கணினி வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நிலத்துக்குத் திரும்பிய பிள்ளைகள் உண்டு. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் நமக்குள் இல்லை. 'உங்களுக்கு என்ன ரகம் கிடைத்தது?' என்ற ஒரு கேள்விதான் நம் அறிமுகம். அப்படிப் பழகிய நமக்கெல்லாம் பொதுவாக ஒரு நண்பர் இருந்தார். அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்; அதோடு நம் கடனைப் பற்றியும்.

ஆதிரெங்கம் இருக்கும் திருத்துறைப்பூண்டி பக்கத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் தென்கிழக்கு ஓரம் அது; இப்போது திருவாரூர் மாவட்டம். மேட்டூரில் ஜூன் 12 திறக்க வேண்டிய தண்ணீர், திறந்த வருடங்களிலும், ஆறும் வாய்க்காலும் மதகும் தாண்டிக் கடைசியாக வந்து சேரும் இடம். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அந்த வயல். மழை மிஞ்சினால் முதலில் மூழ்குவதும் அதே வயல்தான். போதாததற்கு, கடல் பக்கத்து உப்பு. இப்படிப்பட்ட மண்ணில் ஒரே ஒரு ரகத்தை நம்பி உட்கார முடியாது. அதனால்தான் அந்த வட்டாரத்து முன்னோர் உப்பு மண்ணுக்கென்று ஒரு நெல், மூழ்கும் பள்ளத்துக்கென்று ஒரு நெல், வறண்ட மேட்டுக்கென்று ஒரு நெல் என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். குழியடிச்சான், குடவாழை, காட்டுயானம், பூங்கார் என்பதெல்லாம் அழகுக்கு வைத்த பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு வகை நிலத்தின் விலாசம்.

கட்டிமேட்டில் பிறந்த ஜெயராமன் நுகர்வோர் இயக்கத்தில் வேலை பார்த்தவர். கடையில் எடை குறைந்தால் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கும் வேலை அது. அந்த மனிதர் நெல்லுக்கு வந்தது நம்மாழ்வார் வழியாக. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து உத்தியோகத்தை 1969-இல் உதறிவிட்டு வந்த இளங்காட்டுக்காரர் நம்மாழ்வார். 2003-இல் அவர் பூம்புகாரிலிருந்து கல்லணை வரைக்கும் நடந்தபோது, வழியில் விவசாயிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்டு ரகங்களை அவர் கையில் கொடுத்தார்கள். பெருக்கிக் காப்பாற்றும் பொறுப்பு ஜெயராமனிடம் வந்தது. ஒரு கைப்பிடி நெல்லை வாங்கி வைத்துக்கொள்வது யாருக்கும் எளிது. அதை விதைத்து, அறுத்து, மறுபடி விதைத்து, அடுத்தவரிடம் கொடுக்கும்வரை விடாமல் இருந்தார் பாருங்கள், அதில் இருக்கிறது அவர் வாழ்க்கை. பெயருக்கு முன்னால் 'நெல்' வந்து ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகு.

அவர் இறந்தபோது சேர்ந்திருந்த ரகங்கள் 174. அந்த எண்ணை மேடையில் எல்லோரும் சொல்கிறார்கள். விவசாயிகளான நாம் அதை வேறு மாதிரி படிக்க வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் நெல் விதை நெடுங்காலம் முளைப்புத் திறனோடு இருக்காது. பத்தாயத்தில் பூட்டிவைத்துவிட்டுப் பத்து வருடம் கழித்து எடுக்க இது நகை இல்லை. ஆகவே 174 ரகம் என்றால் 174 பாத்தி. ஒவ்வொன்றுக்கும் தனி நாற்றங்கால். பக்கத்துப் பாத்தியோடு கலக்காமல் இடைவெளி. பூக்கும் நாள் ஒவ்வொன்றுக்கும் வேறு, அறுக்கும் நாளும் வேறு. எழுபது நாளைத் தாண்டியதும் முற்றத் தொடங்குகிற நெல்லும் உண்டு; நூற்றெண்பது நாள் நிற்கிற நெல்லும் உண்டு. கலவன் எடுக்கும் வேலை ஒன்றே போதும், முதுகு ஒடிந்துவிடும். ஒரு ரகத்தைத் தூய்மையாக வைத்திருக்கவே நான் படும் பாடு எனக்குத் தெரியும். அதனால் அந்த எண்ணைக் கேட்டால் எனக்குக் கைதட்டத் தோன்றாது, இடுப்புதான் வலிக்கும்.

இனி நம் கணக்கு. திருவிழாவில் அவர் வைத்த விதி உங்களுக்கு நினைவிருக்கும்: இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருடம் நான்கு கிலோ திருப்ப வேண்டும். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. வட்டிக்கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நூறு. காவிரிப் படுகையில் வட்டி என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. விதைப்புக்கு வாங்கிய கடனை அறுப்பில் அடைக்க முடியாமல் நிலத்தை எழுதிக்கொடுத்த குடும்பம் நம் எல்லோர் தெருவிலும் உண்டு. அந்த மண்ணில், நூற்றுக்கு நூறு வட்டிக்கு ஒருவர் கடன் கொடுத்தார். ஊர் ஊராக வந்து சந்தோஷமாக வாங்கிப்போனார்கள். காரணம், கடன் கொடுத்தவர் அந்த வட்டியை வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. நாம் கொடுக்கும் நான்கு கிலோ, அடுத்து வரும் இரண்டு பேருக்கு இரண்டிரண்டு கிலோவாகப் போய்விடும்.

கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். வருடா வருடம் எல்லோரும் ஒழுங்காகத் திருப்பினால் இரண்டு கிலோ நான்காகும், எட்டாகும், பதினாறாகும். பத்தாவது வருடம் 2,048 கிலோ. எந்த அரசாங்கப் பணமும் இல்லாமல், யாரோ ஒருவர் கையில் தொடங்கிய இரண்டு கிலோ, இரண்டு டன்னுக்கு மேல் ஆகிவிடும். நமக்கோ அதில் பெரிய இழப்பு கிடையாது. ஒற்றை நாற்று நட்டால் ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். இரண்டு கிலோ என்பது இரண்டு மா நிலத்துக்கு வரும். எவ்வளவு மோசமாக விளைந்தாலும் சில மூட்டை கண்டுமுதல் உண்டு. அதில் நான்கு கிலோ என்பது களத்தில் கோழி கொத்திப்போகிற அளவு.

அந்த நான்கு கிலோவைத்தான் நான் கொடுக்கவில்லை.

சொல்லிவிடுகிறேன். 2015 கோடையில் நான் வாங்கியது காட்டுயானம். வெண்ணாற்றுப் பாசனத்தில் எனக்கு ஒரு பள்ளவயல் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதற்கு ஏற்ற நெல் இது என்று தேடித்தான் வாங்கினேன். யானை உள்ளே நின்றாலும் வெளியே தெரியாது என்று இந்த நெல்லைப் பற்றிச் சொல்வார்கள். மேட்டூர் அந்த வருடம் ஆகஸ்டில் திறந்தது. பின்பருவ மழை கொட்டித் தீர்த்தது. சுற்றியுள்ள வயலெல்லாம் தண்ணீருக்குள் அழுகியபோது என் காட்டுயானம் தலையை மேலே வைத்துக்கொண்டு நின்றது. வரப்பில் நின்று பார்த்தவர்கள் எல்லோரும் விதை கேட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மாசியில் அறுப்பு வந்தது. ஆள் கிடைக்கவில்லை. ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்து சாய்ந்த பயிரை அரிவாளால் அறுக்க யாரும் முன்வரவில்லை. வந்தவர்கள் கேட்ட கூலிக்கு என்னிடம் பணம் இல்லை. அடுத்த வயலில் சி.ஆர். 1009 அறுத்துக்கொண்டிருந்த இயந்திரத்தை அப்படியே என் வயலில் இறக்கினேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. இயந்திரத்தின் வயிற்றில் முந்தைய வயலின் நெல் தங்கியிருக்கும் என்பதும், முதல் சில மூட்டைகளைத் தனியே கொட்டிவிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. அவசரத்தில் கோட்டை விட்டேன். வீட்டில் ஒரு பிடி நெல்லை உரலில் குத்திப் பார்த்தபோது சிவப்பு அரிசிக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சிரித்தது. அது விதையாகாது. அரைத்துச் சாப்பிட்டுவிட்டோம்.

இப்படி ஆகிவிட்டது என்று போய்ச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். 2016-இல் மேட்டூர் செப்டம்பர் 20 அன்றுதான் திறந்தது, மழையும் ஏமாற்றியது, சம்பா கருகியது. 2017-இல் அக்டோபரில் திறந்தார்கள். காரணத்துக்கா பஞ்சம்? கடன்காரனுக்கு வருடம் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. இதற்கிடையில் அவருக்குப் புற்றுநோய் என்ற செய்தி வந்தது. 2018-இல் அணை நிரம்பி ஜூலையிலேயே தண்ணீர் வந்தபோது, இந்த வருடம் எப்படியும் அடைத்துவிடுவது என்று, கலப்பில்லாமல் காட்டுயானம் வைத்திருந்த ஒரு நண்பரிடம் கெஞ்சி வாங்கி, ஒரு மாவில் நட்டேன்.

நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று போன வழியெல்லாம் தென்னையைப் பிடுங்கிப் போட்டது. முப்பது வருடத்து மரங்கள் வேரோடு விழுந்து கிடந்தன. அந்த ஊர்களில் மின்சாரம் திரும்பவே வாரக்கணக்கில் ஆனது. அந்தச் சமயத்தில் ஜெயராமன் சென்னையில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். தன் மண் சாய்ந்து கிடந்த இருபதாம் நாள், 2018 டிசம்பர் 6 அன்று, காலமானார். ஐம்பதை ஒட்டிய வயது. கட்டிமேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். என் ஒரு மா பயிர் அப்போது பச்சையாக, கதிர் வராமல் நின்றது. ஒரு கடனை அடைக்க இரண்டு மாதம் பிந்திவிட்டேன் என்று சொல்லலாம். உண்மையில் மூன்று வருடம் பிந்தியிருந்தேன்.

மாசியில் அரிவாளால் அறுத்து, தனியே அடித்து, தூற்றி, காயவைத்து, அவர் இல்லாத திருவிழாவில் போய் நான்கு கிலோவைக் கொடுத்தேன். நிறுத்துக் குறித்துக்கொண்டார்கள். பாரம் இறங்கியது என்று நினைத்துக்கொண்டு திரும்பும்போது பேருந்தில் கணக்குப் போட்டேன். 2016-இல் நான் நான்கு கிலோ கொடுத்திருந்தால், அது 2017-இல் எட்டாகியிருக்கும், 2018-இல் பதினாறு, 2019-இல் முப்பத்திரண்டு. நான் கொடுத்தது நான்கு. ஆக, 28 கிலோ விதையை நான் அழித்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர் போய்விட்டார்.

சின்ன வயதில் என் அப்பாயி சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் விதைக்கோட்டையின் வைக்கோல் பிரியைத் தொடவிட மாட்டாள். அது நம் நெல் இல்லை, வரப்போகிற பட்டத்தின் நெல் என்பாள். ஒரு வீட்டுக் கிழவியின் கண்டிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு லெனின்கிராட் கதையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் அந்த நகரத்தை முற்றுகையிட்டபோது, வவிலோவ் என்ற அறிஞர் உலகம் முழுக்க அலைந்து சேர்த்த விதைகள் அங்கே ஒரு நிலையத்தில் இருந்தன. நெல்லும் கோதுமையும் கடலையும் மூட்டை மூட்டையாக இருக்க, அவற்றைக் காத்துநின்ற ஆராய்ச்சியாளர்கள் பட்டினியால் செத்தார்கள், விதையைத் தொடவில்லை. வவிலோவும் 1943-இல் சிறையில் பட்டினியால் இறந்தார். அந்த ஆராய்ச்சியாளர்களும் அப்பாயியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். விதையை அரைத்துத் தின்றவன் நான்.

என்னைப் பற்றிப் போதும். நம் எல்லோரையும் பற்றிப் பேசவேண்டியது ஒன்று இருக்கிறது.

ஜெயராமன் மறைந்த பிறகு அவருக்கு மரியாதை குறைவில்லாமல் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் பாடநூலில் அவரைப் பற்றிப் போட்டார்கள். 2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மரபுசார் நெல் ரகங்களைப் பாதுகாக்கும் இயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். தகும். ஆனால் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, பூங்கார், சீரகச் சம்பா, கிச்சிலிச் சம்பா. திரும்பத் திரும்ப இதே ஐந்தாறு பெயர்கள். விலை இருக்கிற ரகத்தை எல்லோரும் நடுகிறோம். விலை இல்லாத ரகம் யார் வயலிலும் இல்லை. மற்ற நூற்றுச் சொச்சம் ரகங்கள் எங்கே? கல்லுண்டை, கள்ளிமடையான், ஒட்டடையான் என்று பெயர் வாசித்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனோமே, அவை எந்த வயலில் நிற்கின்றன?

அறுபதுகளில் என்ன நடந்தது என்று மேடையேறிப் பேசுகிறோம். 1960-இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு எடுத்த முதல் மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. நாடு அரிசிக்குக் கையேந்திய காலம் அது, அதிக மகசூல் ரகங்கள் வந்தன, பசி தணிந்தது. அதை மறைத்துப் பேசுவது நன்றிகெட்ட பேச்சு. ஆடுதுறை ரகங்களில்தான் என் அக்காள் கல்யாணம் நடந்தது. ஆனால் வருமானம் தருகிற ஒன்றிரண்டு ரகங்களே எல்லா வயலையும் பிடித்துக்கொண்டால் ஆபத்து என்று அப்போதே எச்சரித்தவரும் உண்டு. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன்தான் அவர், 1968-இல் அறிவியல் மாநாட்டு மேடையில் சொன்னார். அன்றைக்கு அரசாங்கமும் உரக்கடையும் சேர்ந்து செய்தது என்று நாம் திட்டுகிற அதே காரியத்தை, இன்றைக்கு நாட்டு நெல்லை வைத்துக்கொண்டே நாம் செய்கிறோம். பைக்கு மேலே 'பாரம்பரியம்' என்று அச்சடித்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை நோய் போகும், புற்றுநோய் அண்டாது என்றெல்லாம் போட்டு விற்கிறோம். வேண்டாம். நெல் சோற்றுக்கு, மருந்துச்சீட்டு எழுதும் வேலை அதற்கு இல்லை. இப்படி அளந்துவிட்டதால்தான் அவர் நோயில் விழுந்தபோது, நஞ்சில்லாத சோறு சாப்பிட்டவருக்கு ஏன் இந்த நோய் என்று சிலர் வாய்கூசாமல் கேட்டார்கள். நாட்டு நெல் சாப்பிட்டால் சாவே வராது என்று ரசீது எழுதிக் கொடுத்தது யார்? அவர் காக்கப் பார்த்தது விதையின் ஆயுளை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களைவிட, அதற்கு இடம் கொடுத்த நம் விளம்பரங்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் கடைமடையைப் பற்றி எழுதியதாக ஆகாது. பழைய நெல்லைப் பற்றிப் பேசும்போது, 'அந்தக் காலத்தில்' என்று நம் குரல் குழையும். அந்தக் காலத்தில் அந்த நெல்லை நட்டு அறுத்தவர்களுக்கு அதில் எவ்வளவு கிடைத்தது என்பதையும் நினைக்க வேண்டும். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். திருத்துறைப்பூண்டிக்கு அது தொலைதூரம் இல்லை. பழைய விதை வேண்டும். பழைய பண்ணை வேண்டாம். ஆதிரெங்கத்து மேசையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வேலிக்கணக்கில் நிலம் இருப்பவருக்கும் இரண்டு கிலோ, மூன்று மா குத்தகைக்கு எடுத்தவருக்கும் இரண்டு கிலோ. மாப்பிள்ளைச் சம்பாவை ஆயிரம் வருடமாகச் சாப்பிட்டு வந்திருக்கலாம். இப்படி ஒரு வரிசையில் நின்று வாங்கியது நம் காலத்தில்தான்.

நார்வே நாட்டின் வடக்கே, பனிமலைக்குள் ஒரு விதைக் கிடங்கு இருக்கிறது. 2008-இல் திறந்தார்கள். உலகத்து விதைகள் அங்கே உறைநிலையில் உறங்குகின்றன. நல்ல காரியம், இருக்கட்டும். ஆனால் உறங்குகிற விதைக்கு 2015 மழையும் தெரியாது, கஜாவும் தெரியாது, 2016 வறட்சியும் தெரியாது. வயலில் வருடா வருடம் நிற்கிற விதைதான் இந்த மண்ணோடு பேச்சுவார்த்தையை விடாமல் நடத்துகிறது. ஜெயராமன் கட்டிய கிடங்குக்குச் சுவரும் பூட்டும் கிடையாது. நீங்களும் நானும்தான் அந்தக் கிடங்கு. நாம் நடாத வருடம் அது இடிந்த கிடங்கு. நண்பரின் பெயர் சொல்லிக் கண் கலங்குகிறோம். அவர் கொடுத்த ரகத்தின் பெயர் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ஆகவே மூன்று வேண்டுகோள். பெரிய காரியம் எதுவும் இல்லை.

முதலாவது, வீட்டில் தேடிப் பாருங்கள். எந்த வருடம், என்ன ரகம் வாங்கினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். திருப்பினீர்களா இல்லையா என்றும் எழுதுங்கள். இதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, இந்தச் சம்பாவில் இல்லாவிட்டால் அடுத்த சம்பாவில், விலை போகாத ஒரு ரகத்தை நடுங்கள். ஏக்கர் கணக்கில் வேண்டாம். ஒரு மாவே அதிகம். பத்துக் குழி போதும், விதை பிழைத்துக்கொள்ளும். அரிவாளால் அறுங்கள். அடிக்கும் இடத்தையும் காயவைக்கும் பாயையும் முதலில் உதறிவிடுங்கள். என் தப்பை நீங்களும் செய்ய வேண்டாம்.

மூன்றாவது, நான்கு கிலோவைத் திருப்புங்கள். திருவிழா இப்போதும் நடக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். போக முடியாதவர்கள் பக்கத்து ஊரில் இரண்டு பேருக்கு இரண்டிரண்டு கிலோ கொடுங்கள். கொடுக்கும்போது விதியைச் சொல்லிக் கொடுங்கள். அவர் பெயரைச் சொல்ல மறந்தால்கூடப் பரவாயில்லை. விதியைச் சொல்ல மறக்காதீர்கள்.

என் பாக்கி 28 கிலோ. இந்த வருடம் அந்தப் பள்ளவயலில் மீண்டும் காட்டுயானம் நிற்கிறது. மாசியில் அறுப்பு. கூலிக்குப் பணம் இப்போதே தனியே எடுத்து வைத்துவிட்டேன். இயந்திரம் அந்த வயலில் இறங்காது. அறுத்துக் காய்ந்ததும் இரண்டிரண்டு கிலோவாக 14 துணிப்பைகளில் கட்டுவேன். பதினான்கு பேர் வேண்டும். வாங்கிப் போகிறவர்கள் எனக்கு எதுவும் திருப்ப வேண்டியதில்லை. அடுத்த வருடம் வேறு இரண்டு பேருக்கு நான்கு கிலோ கொடுத்தால் கணக்கு நேர்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே வரிசையில் நின்று வாங்கியவன்,
வெண்ணாற்றங்கரை.